பாட்டோடு பேரும் போய்ச் சேரட்டும்

காதில் இயர்போனை மாட்டி, ஒரு பாட்டைத் தட்டிவிட்டு, அடுத்தது தானாக வரட்டும் என்று கைவேலையைப் பார்க்கும் ராக் ரசிகர்களுக்கு,



உங்கள் ரசனையில் குற்றம் காண எழுதும் மடல் அல்ல இது. உங்களுக்கு முந்தைய எந்தத் தலைமுறைக்கும் கிடைக்காத அளவுக்கு இசை உங்கள் கைக்குள் இருக்கிறது. நீங்களும் அதை ஆசையாகத்தான் கேட்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. போன வாரம் உங்களுக்குப் பிடித்துப்போன அந்தப் புதுப் பாட்டை வாசித்த குழு எது? பெயர் சட்டென்று நாக்கில் வந்தால் நல்லது. வரவில்லை என்றால் நட்டம் உங்களுக்கு இல்லை. எங்கோ ஒரு வேனில், ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளுக்கு நடுவே முடங்கிப் படுத்தபடி அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கும் நாலு பேருக்குத்தான் நட்டம்.

ஒரு பாட்டு ரசிகரிடம் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதை வெறும் ருசி சமாசாரமாகவே பேசிப் பழகிவிட்டோம். ராக் இசையையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. டயமண்ட் ஹெட் கதையைக் கேட்டால் இது விளங்கும்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஸ்டவர்பிரிட்ஜ் என்று ஒரு ஊர். 1976இல் அங்கே பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் சேர்ந்து ஆரம்பித்த குழுதான் டயமண்ட் ஹெட். பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் கண்டுகொள்ளவில்லை. 1980இல் ஏழு பாட்டுகள் கொண்ட ஓர் ஆல்பத்தைத் தாங்களாகவே கொண்டுவந்தார்கள். வெறும் வெள்ளை உறை. அதில் ஆல்பத்தின் தலைப்புகூட அச்சாகவில்லை. குழுவில் இருந்த ஒருவரின் கையெழுத்து மட்டும் பேனாவால் போட்டிருக்கும். கச்சேரி நடந்த இடங்களில் கையில் கொடுத்து விற்றார்கள். ‘சவுண்ட்ஸ்’ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மூன்றரை பவுண்டுக்குத் தபாலிலும் அனுப்பினார்கள்.

அந்தக் குழுமேல் பித்துப் பிடித்தவர்களில் ஒருவன், அமெரிக்காவில் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்திருந்த டென்மார்க்குப் பையன். அப்பா பேர்பெற்ற டென்னிஸ் ஆட்டக்காரர். மகனும் அதே வழியில் போவான் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். அவனோ 1981 கோடையில், 17 வயதில், தனியாக லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டான். வூலிச் ஓடியன் அரங்கில் டயமண்ட் ஹெட் வாசித்து முடித்ததும் மேடைக்குப் பின்னால் போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். தங்க இடமில்லை. கிடார் வாசிக்கும் பிரையன் டாட்லர் பையனை ஸ்டவர்பிரிட்ஜில் தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். அவர் அறைத் தரையில் படுத்துக்கொண்டு, பகலெல்லாம் இசைத்தட்டு கேட்டுக்கொண்டு கிடந்தான். அந்தப் பையன்தான் லார்ஸ் உல்ரிச். அதே ஆண்டு ஊர் திரும்பி ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டோடு சேர்ந்து மெட்டாலிகாவைத் தொடங்கினார்.

மெட்டாலிகாவின் ஆரம்பக் கச்சேரிகளில் டயமண்ட் ஹெட் பாட்டுகள் நிறைய இடம்பிடித்தன. 1984இல் ‘ஆம் ஐ ஈவில்?’ பாட்டைத் தாங்களே வாசித்துப் பதிவு செய்தார்கள். 1998இல் வந்த ‘கேரேஜ் இங்க்.’ தொகுப்பில் மொத்தம் நாலு டயமண்ட் ஹெட் பாட்டுகள். அந்த நாலுக்கும் எழுதியவர்கள் என்று உறையில் அச்சானது டயமண்ட் ஹெட்டின் பாடகர் ஹாரிஸ், டாட்லர் என்ற இரண்டு பெயர்கள்.

இதற்குள் டயமண்ட் ஹெட்டின் கதி வேறாகிவிட்டிருந்தது. ஒருவழியாக ஒரு பெரிய கம்பெனியில் இடம் கிடைத்து, 1983இல் கொண்டுவந்த ஆல்பம் சரியாகப் போகவில்லை. முதலில் அச்சடித்த தட்டுகளில் ஊசி தாவியது. கம்பெனி கைகழுவியது. 1985இல் குழு கலைந்தது. மீண்டும் கூடி, மீண்டும் பிரிந்து, இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிற குழு அது. மெட்டாலிகா வழியாக வந்த ராயல்டிதான் தன்னைத் தொடர்ந்து இசையிலேயே இருக்கவைத்தது என்று டாட்லர் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2023 முதல் சாக்ஸன் குழுவோடும் மேடையேறி வாசித்துவருகிறார்.

இந்தக் கதையில் அதிர்ஷ்டமும் உண்டு, மறுக்கவில்லை. ஒவ்வொரு ரசிகரும் மெட்டாலிகாவைத் தொடங்கப்போவதில்லை. ஆனாலும் உறையில் பெயர் இல்லாமல் வெளிவந்த ஒரு தட்டு, அதைக் கேட்டவர்கள் வாயிலாகவே பெயரோடு உலகம் சுற்றியது. பாட்டைக் கொண்டுபோனவர்கள் பெயரையும் சேர்த்தே கொண்டுபோனார்கள்.

மெட்டாலிகாவும் அப்படித்தான் வெளியே தெரிந்தது. 1982 ஜூலையில் பதிவான ஏழு பாட்டு டெமோ, ‘நோ லைஃப் டில் லெதர்’, அப்போது எந்தக் கடையிலும் விற்பனைக்கு வரவில்லை. கேசட் மாற்றிக்கொள்ளும் ரசிகர்கள் அதை ஊர் ஊராக அனுப்பினார்கள். ஒரு பிரதி எடுக்க, பாட்டு முழுதும் ஓடி முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிரதிக்குப் பிரதி இரைச்சல் ஏறும், சிம்பலின் ஓசை மங்கும். பெட்டிக்குள் செருகும் அட்டையில் குழுவின் பெயரையும் பாட்டு வரிசையையும் கையால் எழுத வேண்டும். கூடவே, இன்னின்ன குழுக்களையும் கேட்டுப் பார் என்று ஒரு கடிதம். தபால்தலைக்கு ஆகும் காசு தனி. இவ்வளவு மெனக்கெட்டு வந்துசேர்ந்த கேசட்டை அரைகுறையாகக் கேட்டுவிட்டு யாரும் தூக்கிப்போட மாட்டார்கள்.

அப்படிக் கைமாறிய ஒரு பிரதி நியூ ஜெர்சியில் சந்தைக்கடை போட்டு இசைத்தட்டு விற்ற ஜான் ஸாஸூலா, மார்ஷா ஸாஸூலா தம்பதிக்குக் கிடைத்தது. பையன்களை நாட்டின் மறுகோடியிலிருந்து வரவழைத்தார்கள். எந்தக் கம்பெனியும் ஆல்பம் போட முன்வராததால் மெகாஃபோர்ஸ் என்று தாங்களே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1983 ஜூலை 25 அன்று ‘கில் தெம் ஆல்’ வெளிவந்தது.

17 ஆண்டு கழித்து இதே மெட்டாலிகா, இணையம் வழியாகப் பாட்டுகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர்மீது வழக்குப் போட்டது. தங்கள் பாட்டை அதில் பகிர்ந்த மூன்று லட்சத்துக்கும் அதிகமான பயனர்களின் பட்டியலையும் ஒப்படைத்தது. கேசட் நகலெடுத்து வளர்த்துவிட்ட ரசிகர்களையே காட்டிக்கொடுத்தார் என்று லார்ஸுக்கு விழாத வசவு இல்லை. பணக்கார நட்சத்திரத்தின் பேராசை என்றார்கள். இன்று திரும்பிப் பார்த்தால் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. ஒருவரின் உழைப்பை எங்கே, எப்படிக் கொடுப்பது என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்கு? அந்தக் கேள்விக்கு விடை தேடாமல் விட்டதன் பலனை, லார்ஸ் அளவுக்கு வசதியில்லாத குழுக்களே பிற்பாடு அனுபவித்தன.

பாட்டோடு பெயரையும் கொண்டுபோனவர்கள் வானொலியிலும் இருந்தார்கள். பிபிசி ரேடியோ 1இல் 1967 முதல் 2004இல் இறக்கும்வரை பாட்டுப் போட்ட ஜான் பீல், தபாலில் வந்து குவியும் தட்டுகளையும் டேப்புகளையும் பொறுமையாகக் கேட்டுத் தேர்ந்தெடுத்தவர். வட அயர்லாந்தின் டெரி நகரத்துப் பையன்கள் ஐந்து பேர், தி அண்டர்டோன்ஸ், 1978இல் பெல்ஃபாஸ்டில் 200 பவுண்டு செலவில் ஒரு சிறு தட்டைப் பதிவு செய்தார்கள். வெளியிட்ட டெரி ஹூலி பெல்ஃபாஸ்டில் இசைத்தட்டுக் கடை நடத்தியவர். அவர் அதைத் தூக்கிக்கொண்டு லண்டன் கம்பெனிகளின் படியேறி இறங்கியும் பயனில்லை. பீல் ‘டீனேஜ் கிக்ஸ்’ பாட்டை ஒலிபரப்பினார்; முடிந்ததும் உடனே மறுபடி ஒருமுறை போட்டார். இங்கிலாந்து வந்திருந்த அமெரிக்கர் சீமோர் ஸ்டைன், சயர் கம்பெனியின் முதலாளி, அந்தப் பாட்டைக் காரில் போகும்போது கேட்டார். ஆள் அனுப்பிப் பையன்களோடு ஒப்பந்தம் போட்டார். ஒரு மனிதர் ஒரு பாட்டைக் கேட்டு, இது யார் வாசித்தது என்று ஊருக்கே பெயரைச் சொல்லி, தன் பேரைப் பணயம் வைத்து இன்னொரு தடவை போட்டதால் நடந்தது இத்தனையும். பீலின் கல்லறையில் அந்தப் பாட்டிலிருந்து ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கிறது.

கம்பெனி கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். சிகாகோவில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்தியவர் ஸ்டீவ் அல்பினி. நிர்வாணா குழுவின் ‘இன் யூட்டெரோ’ ஆல்பத்தைப் பதிவு செய்தவர். அதற்குக் கூலி மட்டும் போதும், விற்பனையில் பங்கு வாங்குவது இசைக்கலைஞரைச் சுரண்டுவதாகும் என்று மறுத்தவர். 1993இல் ‘தி பாஃப்லர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நாலு பேர் உள்ள ஒரு கற்பனைக் குழு, பெரிய கம்பெனியிடம் இரண்டரை லட்சம் டாலர் முன்பணம் வாங்குகிறது என்று வைத்துக்கொண்டு வரவுசெலவை வரி வரியாகப் போட்டுக் காட்டினார். மேனேஜர் பங்கு, வக்கீல் கூலி, பதிவுச் செலவு, வீடியோ, வேன், சுற்றுப்பயணம் எல்லாம் போனபின் குழுவில் ஒருவர் கையில் நிற்பது 4,031 டாலர் 25 செண்ட். அதே கணக்கில் கம்பெனிக்கு மிஞ்சுவது 7,10,000 டாலர். பெட்டிக்கடைபோன்ற ஒரு கடையில் வேலை பார்த்திருந்தால் அவர்கள் இதைப்போல மூன்று மடங்கு சம்பாதித்திருப்பார்கள் என்பது அவர் கணக்கு. அல்பினி 2024இல் காலமானார். அந்தக் கணக்கு இன்றும் இளம் குழுக்களுக்குப் பாடமாக இருக்கிறது.

இனி உங்கள் கைபேசிக்கு வருவோம்.

பாஸ்டன் பக்கத்துக் குழு கேலக்ஸி 500. மூன்றே பேர்; 1987 முதல் 1991 வரை இருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த டேமன் க்ருகாவ்ஸ்கி கூச்சப்படாமல் தன் வரவைப் பொதுவில் வைக்கிறவர். 2012இன் முதல் மூன்று மாதங்களில் அவர்களின் ‘டக்போட்’ பாட்டு இணைய வானொலியான பண்டோராவில் 7,800 முறை ஓடியது. பாட்டை எழுதிய மூவருக்கும் சேர்த்து ராயல்டி 21 செண்ட். ஸ்பாட்டிஃபையில் 5,960 முறை ஓடியதற்கு 1 டாலர் 5 செண்ட், தலைக்கு 35 செண்ட். இதே பாட்டை 1988இல் ஆயிரம் சிறு தட்டுகளாக அச்சடித்து விற்றதில் கிடைக்கக்கூடிய வருமானத்தை ஈட்ட, 2012இல் அது ஒரு கோடியே முப்பது லட்சம் தடவைக்கு மேல் ஓடியாக வேண்டும் என்று எழுதினார்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது பின்னால் நடந்தது. 1989இல் வந்த ஆல்பத்தில் ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்று ஒரு பாட்டு. தனித் தட்டாகப் போடாத, குழுவே பெரிதாக முன்னிறுத்தாத பாட்டு. 2017 ஜனவரி முதல் ஸ்பாட்டிஃபையில் அது மட்டும் கிடுகிடுவென ஏறி, அவர்களின் மற்ற எல்லாப் பாட்டையும் தாண்டிப் போனது. எந்தப் படத்திலும் வரவில்லை, யாரும் பாராட்டி எழுதவில்லை. க்ருகாவ்ஸ்கி துருவிப் பார்த்தார். கேட்டுக்கொண்டிருக்கும் ஆல்பம் முடிந்தால் அதுபோன்ற வேறொன்றைத் தானாக ஓடவிடும் வசதியை ஸ்பாட்டிஃபை எல்லோருக்கும் இயல்பாகவே இயக்கிவிட்டது அந்த மாதம்தான். கேலக்ஸி 500இன் பாட்டுகளில் மற்ற குழுக்களின் பாட்டுகளோடு மிக நெருங்கி ஒலிப்பது ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்பதால் இயந்திரம் அதையே திரும்பத் திரும்ப எடுத்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்தக் குழுவுக்கே உரிய குரலை அல்ல, மற்றவர்களைப்போல ஒலிக்கும் குரலையே இயந்திரம் ஊருக்குக் கொண்டுபோனது.

இயந்திரத்தின் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பேவ்மென்ட் குழு 1999இல் ஒரு தட்டின் பின்னொட்டாகச் சேர்த்த ‘ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்’ இதேபோல ஏறி, அவர்களின் மிக அதிகம் கேட்கப்படும் பாட்டானது. அந்தப் பாட்டு வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் அதைப் பாடுகிறார்கள். வட்டாரத்தில் இசைத்தட்டுக் கடையே இல்லாத சிற்றூர்ப் பிள்ளைக்கு இந்த இயந்திரம் திறந்துவிட்ட கதவு பெரிது. அதை யாரும் மூடச் சொல்லவில்லை. அந்தக் கதவு வழியாகப் பாட்டு மட்டும் வருகிறது, பெயர் வெளியிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதங்களில் ஆயிரம் தடவைகூட ஓடாத பாட்டின் பதிவுக்கு ராயல்டியே கிடையாது. இப்போதுதான் தொடங்கும் குழுவின் முதல் பாட்டுகள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கும்.

ஆகவே வேன் ஏறுகிறார்கள். வண்டி வாடகை, பெட்ரோல், தங்குமிடம், சாப்பாடு, ஒலிப்பொறியாளர் சம்பளம் போக, நிகழ்ச்சி பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டுக்கு வழக்கமாகப் பத்து சதவீதம், மேனேஜருக்கு அதைவிடக் கூடுதல். சின்ன கிளப்பில் கச்சேரி முடிந்து விளக்கு போட்டதும் கவனித்துப் பாருங்கள். டிரம்ஸ்காரர் வேர்வை காயுமுன் கருவிகளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்குவார். பாடியவர் தொண்டை கட்டிய குரலோடு வாசல் பக்கத்து மேசைக்கு ஓடி டீ-ஷர்ட் விற்பார்: எந்த அளவு வேண்டும், மீடியம் தீர்ந்துபோச்சு, தட்டில் கையெழுத்துப் போடட்டுமா. அன்றிரவு கையில் மிஞ்சும் காசு பல நேரம் அந்த மேசையிலிருந்துதான் வருகிறது. அதிலும் பல அரங்குகள் பங்கு கேட்கின்றன. இசைக்கலைஞர்களின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2023இல் லைவ் நேஷன் தான் நடத்தும் கிளப்புகளில் இந்தப் பங்கு வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்தது.

இவ்வளவு ஓடியும் கட்டுப்படியாகாமல் போகிறது. நல்ல பெயரெடுத்த அனிமல் கலெக்டிவ் குழு 2022இல் தன் ஐரோப்பியப் பயணத்தையே ரத்து செய்தது. விலைவாசியும் நாணய மதிப்பும் சேர்ந்து, எப்படிக் கணக்குப் போட்டாலும் கைநட்டம் என்றது. கனடாவின் ஆன்வில் குழு 1984இல் ஜப்பானில் ஸ்கார்பியன்ஸ், பான் ஜோவியோடு ஒரே விழாவில் வாசித்த குழு. அதன் தலைவர் ஸ்டீவ் குட்லோ பிற்காலத்தில் பள்ளிகளுக்கு உணவு எடுத்துச்செல்லும் வண்டி ஓட்டிக்கொண்டே குழுவையும் நடத்தினார். அவர்களைப் பற்றி 2008இல் வந்த ஆவணப்படத்தை எடுத்த சாஷா கெர்வாசி, பதின்வயதில் அவர்களின் ரசிகர். பயணத்தில் கூடவே போய்ப் பெட்டி தூக்கியவர். அந்தப் படத்துக்குப் பிறகு ஆன்விலைத் தேடிப் புது ரசிகர்கள் வந்தார்கள். அங்கேயும் வேலை செய்தது, பெயரை மறக்காத ஒரு ரசிகரின் பிடிவாதம்.

ரசிகர்கள் கூட்டாகச் சேர்ந்தபோதோ தொழிலின் போக்கையே மாற்ற முடிந்திருக்கிறது. 1997இல் பிரிட்டனின் மரிலியன் குழு, பணமில்லாததால் அமெரிக்காவுக்கு வர முடியாது என்று சொன்னது. ரசிகர்கள் தாங்களாகவே இணையம் வழியாக சுமார் 60,000 டாலர் திரட்டிக் குழுவை வரவழைத்தார்கள். அந்த அனுபவத்தைப் பிடித்துக்கொண்டு 2001இல் மரிலியன் ஒரு காரியம் செய்தது. இன்னும் பதிவே செய்யாத ஆல்பத்துக்கு ரசிகர்களிடம் முன்பதிவு கேட்டது. 12,000க்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். கூட்டாக நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம் வருவதற்கு எட்டு ஆண்டு முன்பு நடந்தது இது.

இந்தியாவிலும் குழுக்களின் பெயரை ஊருக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை ஆட்கள்தான் செய்தார்கள். 1993இல் அலகாபாத்திலிருந்து அமித் சைகல் தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’, எந்த ஊரில் எந்தக் குழு வாசிக்கிறது என்று நாடு முழுக்கத் தெரியப்படுத்தியது. 2007 மார்ச்சில் பிரிட்டனின் அயர்ன் மெய்டன் குழு பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வந்து நின்றபோது, அதுவரை கைமாறிக் கைமாறிக் கேசட்டில் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே அங்கே திரண்டது. அமித் சைகல் 2012இல் காலமானார். அவர் விட்டுப்போன வேலையை இப்போது நீங்கள்தான் செய்ய வேண்டும்.

உங்களால் ஆகாத காரியம் எதையும் இந்த மடல் கேட்கவில்லை. தானாக ஓடும் வசதியை நிறுத்திவிட்டு, பிடித்த பாட்டு எந்த ஆல்பத்தில் இருக்கிறதோ அதை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேளுங்கள். பாட்டு எழுதியவர் யார், டிரம்ஸ் யார் என்று பாருங்கள். பாண்ட்கேம்ப் மாதிரி, விலையின் பெரும்பங்கு குழுவுக்கே போய்ச்சேரும் இடத்தில் ஆண்டுக்கு இரண்டு ஆல்பமாவது காசு கொடுத்து வாங்குங்கள். நண்பருக்கு வெறும் இணைப்பை மட்டும் அனுப்பாதீர்கள். குழுவின் பெயர், எந்த ஊர்க்காரர்கள், அடுத்து எதைக் கேட்கலாம் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள்.

உங்கள் ஊரில் சின்ன மேடை ஏறும் குழுவின் டிக்கெட்டை வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். முன்பதிவு எவ்வளவு என்று பார்த்துத்தான் பல அமைப்பாளர்கள் கச்சேரியை வைத்துக்கொள்வதா, விடுவதா என்று முடிவு செய்கிறார்கள். பத்து நாள் முன்னாலேயே வாங்குங்கள். முடிந்ததும் அந்த மேசைக்குப் போங்கள், ஒரு டீ-ஷர்ட் வாங்குங்கள், பாடியவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போங்கள்.